மணப்பாட்டுக் கடலும் பெங்களூர் மாடியறையும்

நம் சங்கத்து அன்பர்களுள் கடலைக் கண்டவர் பலர். கடற்கரையைச் சொந்த ஊராகக் கொண்டவர் சிலரே. பெங்களூரில் வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் வட ஆர்க்காட்டுப் பக்கத்தவரும் சேலம், தருமபுரிப் பக்கத்தவரும் மிகுதி. நாங்களும் அவ்வகையினரே. ஏரி தெரியும், கிணறு தெரியும், கடல் தெரியாது. கடலைப் பற்றி எழுத உங்களுக்கு என்ன தகுதி என்று எவரேனும் வினவினால், தகுதி ஏதுமில்லை, ஒரு பொட்டலம் கொண்டுபோய்க் கொடுத்த கதைதான் இது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

அல்சூரில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் மாடியறையில் மணப்பாட்டைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் தங்கியிருக்கிறார். பொறியியல் பட்டம் பெற்றவர். காற்றாலைகளை வடிவமைக்கும் நிறுவனம் ஒன்றில் பணி. எங்களை அண்ணன் என்றும் அண்ணி என்றும் அழைப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில்தான் உணவு. அவர் என்ன வேலை செய்கிறார் என்பதை நாங்கள் நெடுநாள் சரியாக அறிந்துகொள்ளவில்லை. ஒரு மாலை மின்சாரம் நின்றுபோயிற்று. மடிக்கணினியை எடுத்துக்கொண்டு கீழே வந்து திண்ணையில் அமர்ந்தார். எங்கள் மகன் எட்டிப் பார்த்து, “இது என்ன மாமா, குழாயா?” என்று கேட்டான்.

குழாய்தான். ஆனால் 8 மீட்டர் குறுக்களவுள்ள இரும்புக் குழாய். அதைக் கடலடியில் நிறுத்தி, மேலிருந்து பெரிய சம்மட்டிப் பொறியால் ஆயிரக்கணக்கான அடி அடித்து மண்ணுக்குள் இறக்குவார்களாம். அதன் தலையில்தான் காற்றாலை நிற்கும். 1991இல் டென்மார்க்கு நாட்டார் விண்டபி என்னுமிடத்தில் 11 காற்றாலைகளை நட்டு, கடலில் காற்றாலை அமைப்பதைத் தொடங்கி வைத்தனர். இன்று ஐரோப்பியக் கடல்களில் அவை ஆயிரக்கணக்கில் சுழல்கின்றன.

“அடிக்கிற சத்தம் கடலுக்குள் எவ்வளவு தூரம் கேட்கும்?” என்று வீட்டுக்காரி கேட்டாள். நாங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, அவள் முந்திக்கொண்டாள்.

அந்த இளைஞர் சொன்ன விடை எங்களை வியப்பில் ஆழ்த்தியது. காற்றில் ஒலி நொடிக்கு 340 மீட்டர் செல்கிறது. கடல்நீரில் ஏறத்தாழ 1,500 மீட்டர். எளிதில் மங்குவதும் இல்லை. 2008இல் டென்மார்க்கின் ஹார்ன்ஸ் ரெவ் பகுதியில் இரண்டாம் காற்றாலைக் கூட்டத்துக்குத் தூண் அடித்தபோது, ஓங்கிலுக்கு உறவான ஒரு சிறு கடல் விலங்கு ஏறக்குறைய 18 கிலோமீட்டர் தொலைவு வரை அவ்விடத்தை விட்டு விலகியதை ஆய்வாளர் கண்டனர். இவ்விலங்குகளுக்குக் கண்ணைக் காட்டிலும் காதே பெரிது. இரை தேடுவதும், குட்டியை அழைப்பதும், வழி அறிவதும் ஒலியால்தான். அருகிலிருந்து அந்த அடியைக் கேட்டால் செவிடாகும். செவிடான ஓங்கில் குருடான மனிதனுக்குச் சமம் என்றார்.

ஆகவே அந்நாடுகள் விதிகள் வகுத்திருக்கின்றன. பிரிட்டனில், தூண் அடிக்கத் தொடங்குமுன் பயிற்சி பெற்ற பார்வையாளர் ஒருவர் குறைந்தது 30 நிமிடம் கடலை நோக்கியிருக்க வேண்டும். 500 மீட்டருக்குள் ஒரு விலங்கு தென்பட்டாலும் தொடங்கலாகாது; கடைசியாகக் கண்டதிலிருந்து 20 நிமிடம் பொறுத்திருக்க வேண்டும். பின்னரும் எடுத்த எடுப்பில் முழு வலிமையுடன் அடிக்காமல், குறைந்தது 20 நிமிட நேரம் மெல்லத் தட்டித் தட்டி வலுவைக் கூட்ட வேண்டும். அருகே மறைந்திருக்கும் விலங்கு அதற்குள் விலகிப் போகும். ஜெர்மனியில் ஒலிக்கே வரம்பு உண்டு: தூணிலிருந்து 750 மீட்டர் தொலைவில் ஓர் அடியின் ஒலி, நீருக்கடியில் அளக்கும் கணக்கில், 160 டெசிபலைத் தாண்டலாகாது. இதற்காகத் தூணைச் சுற்றிக் கடலடியில் துளையிட்ட குழாயை வளையமாக இட்டு அழுத்தமான காற்றைச் செலுத்துவர். குமிழிகள் சுவர் போல மேலெழுந்து ஒலியை விழுங்கும். அமெரிக்காவில் வைன்யார்டு விண்ட் என்னும் திட்டத்தில் சனவரி முதல் ஏப்ரல் வரை தூண் அடிப்பதற்கே தடை. உலகில் சில நூறே எஞ்சியுள்ள ஒருவகைத் திமிங்கிலம் அம்மாதங்களில் அவ்வழி வருவதே காரணம்.

இரயில்வே அலுவலகத்தில் எழுத்தராகக் காலந்தள்ளும் எங்களுக்கு இவ்விதிகள் புதியனவாகத் தோன்றவில்லை. பாதை பழுதுபட்ட இடத்தில் இத்தனை கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகலாகாது என்று ஓட்டுநர் கையில் எச்சரிக்கை ஆணை கொடுப்பது எங்கள் துறையின் அன்றாட வழக்கம். கோயம்புத்தூருக்கு அருகே நவக்கரையில் 2021 நவம்பரில் மூன்று யானைகள் வண்டியில் அடிபட்டு இறந்ததை அன்பர்கள் நினைவில் வைத்திருக்கலாம். அதன் பின்னர் 2024இல் மதுக்கரைப் பகுதியில் யானை வருவதைக் கண்டறிந்து முன்னறிவிக்கும் கருவிகள் கோபுரங்களில் அமைக்கப்பட்டன. கருவிகள் நல்லவை. அவை யானைகளுக்குப் பின்னே வந்தன என்பதுதான் மனத்தை உறுத்துகிறது.

கடலில் அப்படி நேர வேண்டியதில்லை. ஏனெனில் இவ்வரிகளை எழுதும் வரை இந்தியக் கடலில் மின்சாரம் தரும் காற்றாலை ஒன்றேனும் எழவில்லை. மத்திய அரசு 2015இல் கொள்கை வகுத்தது; 2023 டிசம்பரில் கடற்பரப்பைக் குத்தகைக்கு விடும் விதிகளை வெளியிட்டது; 2024 சூனில் குசராத்துக் கடலில் 500 மெகாவாட்டும் தமிழ்நாட்டுக் கடலில் 500 மெகாவாட்டும் அமைக்க 7,453 கோடி ரூபாய் உதவித் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. தமிழகத்தில் இதற்கென ஆய்ந்து குறித்தவை கன்னியாகுமரி முதல் இராமேசுவரம் வரையுள்ள எட்டு மண்டலங்கள். அஃதாவது, மன்னார் வளைகுடா. அஃதாவது, அந்த இளைஞரின் வீட்டு வாசல்.

சென்ற சனவரியில் எங்கள் மகளுக்குத் திருச்செந்தூரில் முடியிறக்கும் வேண்டுதல் இருந்தது. செய்தி அறிந்த இளைஞர், தம் தாத்தாவுக்கு ஒரு கம்பளிப் போர்வையும் மருந்தும் கட்டிக் கொடுத்து, “பதினெட்டுக் கிலோமீட்டர்தான் அண்ணா, போய்க் கொடுத்துவிட்டு வாருங்கள்” என்றார். கடற்கரையில் கம்பளிக்கு என்ன வேலை என்று எங்களுக்குத் தோன்றியது. பேரன் அன்புக்குத் தட்பவெப்பம் தெரியாது.

மைசூரிலிருந்து தூத்துக்குடி செல்லும் இரவு வண்டியை நம் அன்பர்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ஓசூர் தாண்டிக் கண்ணயர்ந்தால் விடியும்போது திண்டுக்கல் பக்கம். கோவில்பட்டியில் கடலைமிட்டாய் வாங்காத பிள்ளைகள் இல்லை. எங்கள் பிள்ளைகளும் வாங்கினர். கடம்பூர், மணியாச்சிப் பக்கம் வந்ததும் சன்னலின் இருபுறமும் காற்றாலைகள். மகன் முப்பது வரை எண்ணி அலுத்துவிட்டான். தூத்துக்குடியில் இறங்கித் திருச்செந்தூர்ச் சாலையில் பேருந்தில் சென்றோம். வழியில் முள்ளக்காடு என்றோர் ஊர். உப்பளங்களுக்கு நடுவே பார்வைக்குச் சாதாரண ஊர்தான். ஆனால் இந்தியாவில் காற்றிலிருந்து மின்சாரம் எடுக்க முதன்முதல் 1986இல் காற்றாலைகள் நட்ட சில இடங்களுள் இதுவும் ஒன்று. அந்தப் பெருமையை அறிவிக்கும் பலகை எதுவும் பேருந்திலிருந்து எங்கள் கண்ணுக்குப் படவில்லை.

திருச்செந்தூரில் வேண்டுதலை முடித்து, மறுநாள் காலை மணப்பாடு சேர்ந்தோம். குலசேகரன்பட்டினத்தைக் கடந்ததும் பனைமரங்கள் நெருங்கி வருகின்றன. அதன் பின் கடல். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மணற்குன்றின் மேல் திருச்சிலுவைக் கோயில். 1542இல் பிரான்சிசு சவேரியார் இக்கரைக்கு வந்தார். குன்றின் கீழே அவர் தங்கியிருந்த குகையைக் காட்டுகிறார்கள். எங்கள் பிள்ளைகளோ குகையை விட்டுவிட்டு அலையை நோக்கி ஓடினர். மொட்டையடித்த தலையுடன் மகள் முதன்முதலாகக் கடலில் கால் வைத்த காட்சி எங்களுக்கு மறவாது.

தாத்தா கரையில் வள்ளத்தின் நிழலில் அமர்ந்து வலை முடிந்துகொண்டிருந்தார். எண்பதை நெருங்கும் வயது. இளமையில் தூத்துக்குடி சென்று சங்கு குளித்தவர். பின்னர் ஐம்பது ஆண்டு மீன்பிடித் தொழில். போர்வையைக் கையில் வாங்கிப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். எனினும் மடித்து மடியில் வைத்துக்கொண்டார். நாங்கள் புறப்படும் வரை கீழே வைக்கவில்லை.

பேரன் செய்யும் வேலையை நாங்கள் எங்களுக்குத் தெரிந்த அளவில் விளக்கினோம். சம்மட்டியின் ஒலியைப் பற்றிச் சொன்னபோது தலையை ஆட்டினார்.

“சங்கு குளிக்கப் பத்துப் பாகம் முங்குவோம், தம்பி. மேலே இருக்கிறவனுக்கு விசைப்படகு கண்ணுக்கே தெரியாது. கீழே இருக்கிற எனக்கு அதன் இரைச்சல் மண்டைக்குள் கேட்கும். எந்தப் பக்கமிருந்து வருகிறது என்றுதான் தெரியாது. எல்லாப் பக்கமும் சத்தமாக இருக்கும். ஓங்கிலுக்குப் பக்கம் தெரியுமாக இருக்கும், நமக்குத் தெரியாது.”

பின்பு 2016ஆம் ஆண்டு பற்றி அவராகவே பேசத் தொடங்கினார். அவ்வாண்டு சனவரி 11ஆம் நாள் மாலை தொடங்கி, மணப்பாடு, கல்லாமொழி முதலிய கரைகளில் எண்பதுக்கு மேற்பட்ட திமிங்கிலங்கள் ஒதுங்கின. குறுஞ்சிறகுத் திமிங்கிலம் என்று கூறத்தக்க, கூட்டமாக வாழும் இனம் அது. ஊர் மக்கள் இரவெல்லாம் இடுப்பளவு நீரில் நின்று தள்ளினர். கயிறு கட்டிப் படகால் இழுத்து ஆழத்தில் விட்டனர். விட்டவை மீண்டும் கரைக்கே திரும்பின.

“ஒன்று கரையில் கிடந்து முனகும், தம்பி. ஆழத்தில் விட்டது அதைக் கேட்டுத் திரும்பி வந்துவிடும். ஒன்றை விட்டு ஒன்று போகாது. அன்றைக்கு அந்தச் சத்தத்தை யார் நிறுத்த முடியும்?”

நாற்பதுக்கு மேல் மாண்டன. கரையில் குழி தோண்டிப் புதைத்தார்கள். 1973 சனவரியிலும் இதே தூத்துக்குடிக் கரையில் 147 திமிங்கிலங்கள் ஒதுங்கியதுண்டு. இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் அறுதியான காரணம் எவராலும் நிறுவப்படவில்லை. காற்றாலைக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை என்பது வெளிப்படை. அப்போது கடலில் காற்றாலையே கிடையாது. பெரியவரும் எவர் மீதும் பழி சொல்லவில்லை. அவர் கேட்டது வேறு.

“மெல்லத் தட்டினால் விலகிப் போகும் என்கிறீர்களே, எந்தப் பக்கம் விலகும்? ஐரோப்பாக்காரன் கடலில் எந்தப் பக்கம் போனாலும் கடல். இங்கே ஒரு பக்கம் கரை, கொஞ்சம் வடக்கே போனால் தீவும் பாரும். வெளியே நின்று தட்டினால் உள்ளே வரும். உள்ளே வந்தால் இந்த மணல்தான். என் பேரன் எழுதுகிற கணக்கில் இந்த மணல் இருக்கிறதா?”

எங்களிடம் விடை இல்லை. நேர்மையாகச் சொன்னால், பெங்களூர்த் திண்ணையில் அவ்விதிகளைக் கேட்டபோது அவை முழுமையானவை என்றே நாங்கள் நம்பியிருந்தோம். விரட்டிவிட்டால் விலங்கு பிழைத்தது என்பது அவ்விதியின் கணக்கு. எங்கே விரட்டினோம் என்று கேட்கும் நெடுவரிசை அதில் இருந்ததாக எங்களுக்கு நினைவில்லை.

அரைமணி நேரம் தட்டில் நின்று பார்ப்பதைப் பற்றியும் அவருக்கு ஐயம் இருந்தது. ஓங்கில் துள்ளும்; பார்த்துவிடலாம். திமிங்கிலம் ஊதும், அதையும் பார்த்துவிடலாம். ஆவுளியா அப்படியன்று. கடற்பசு என்று நூல்களில் எழுதுகிறோமே, அதுதான். கடற்புல்லை மேய்ந்துவிட்டு, மூச்சுக்காக மூக்கின் நுனியை மட்டும் நீருக்கு மேல் காட்டி மறைந்துவிடும். இவரே வாழ்நாளில் மிகச் சில முறைதான் உயிருடன் கண்டிருக்கிறார். கீழக்கரைப் பக்கத்தார் அதிகம் அறிவர் என்றார். பல ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரே ஒரு குட்டி ஈனும் விலங்கு அது. இந்தியக் கடல் முழுவதிலும் சில நூறுக்கு மேல் இல்லை. 1972ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பது. தமிழக அரசு 2022 செப்டம்பரில் தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை இதற்கெனக் காப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் கடற்பசுவுக்கென அமைந்த முதற்காப்பகம் அதுவே. ஆனால் அது பாக்கு நீரிணையில் இருக்கிறது. காப்பகத்தின் எல்லைக்கோடு ஆவுளியாவுக்குத் தெரியாதல்லவா?

காலத்தைப் பற்றியும் பேச்சு வந்தது. மன்னார் வளைகுடாவில் கச்சான் காற்று வைகாசியில் எழுந்து புரட்டாசி வரை ஓயாது. காற்றாலைக்கு அதுவே அறுவடைக் காலம். ஆனால் அந்த அலையில் தூண் நிறுத்தும் கப்பல் நிலைகொள்வது அரிது. அமைதியான கடல் வேண்டுமென்றால் ஐப்பசிக்கு மேல்தான். மீனவர்க்கும் அதுவே தொழில் காலம். இரண்டு முறையும் திமிங்கிலங்கள் ஒதுங்கிய சனவரியும் அதற்குள்தான் வருகிறது. அமெரிக்கர் எந்த மாதங்களை மூடி வைத்தார்களோ, ஏறக்குறைய அதே மாதங்களைத்தான் இங்கே பொறியாளர் கேட்பார்கள். விசைப்படகுகளுக்கான தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை. அதன் தொடக்கத்தில், கச்சான் எழுமுன் அடித்துக்கொள்ளட்டுமே என்றார் பெரியவர். நாட்டுப்படகுகளுக்கு அப்போதும் தடையில்லை என்பதை அவரே மறுநொடி நினைவூட்டிச் சிரித்தார். அந்த ஆறு வாரம் போதுமா என்பது வேறு கேள்வி. போதாது என்றே எங்களுக்குப் படுகிறது.

இவ்வளவு கேட்ட பின், நீங்கள் காற்றாலையே வேண்டாம் என்கிறீர்களா என்று வினவினோம். முகம் சற்றுச் சிவந்தது.

“பாய் விரித்துப் பிழைத்தவன், தம்பி, நான். காற்றோடு எனக்கு என்ன பகை? என் பேரன் அதில் சோறு தின்கிறான். எங்கே நடப்போகிறாய், எந்த மாதம் அடிப்பாய், எந்தப் பக்கம் விரட்டுவாய், எங்கள் வலைக்கு எந்த வழி விடுவாய் என்று முதல் தூணுக்கு முன்னால் என்னைக் கேள் என்கிறேன். அடித்த பிறகு வந்து கேட்டால் நான் என்ன சொல்ல?”

பின்னர் ஒரு காரியம் செய்தார். “உன்னிடம் தாள் இருக்கிறதா?” என்றார். எங்கள் சட்டைப்பையில் எப்போதும் இருக்கும் சிறு குறிப்புப் புத்தகத்தை எடுத்தோம். அவர் சொல்லச் சொல்ல எழுதினோம். எந்தக் காற்றில் எந்த மீன் கரையை நெருங்கும், அதன் பின்னால் எந்தப் பாகத்தில் ஓங்கில் வரும், எந்தப் பாரின் ஓரத்தில் புல் இருக்கிறது, எந்த ஆண்டு எங்கே எதைக் கண்டார். பதினொரு பக்கம் வந்தது. வெயில் ஏறிவிட்டது, வீட்டுக்காரி பிள்ளைகளைக் கரையேற்றிவிட்டு இரண்டு முறை வந்து பார்த்துச் சென்றாள். எழுத்தர் வேலையில் எத்தனையோ ஆயிரம் பக்கம் நகல் எடுத்திருக்கிறோம். பொருள் தெரியாமல், ஆனால் ஒரு சொல்லும் விடக்கூடாது என்ற அச்சத்துடன் எழுதியது அன்றுதான்.

பெங்களூர் திரும்பிய அன்றிரவே மாடியறைக்குச் சென்று புத்தகத்தைக் கொடுத்தோம். இளைஞர் நின்றபடியே படித்தார். மூன்றாம் பக்கத்தில் நிறுத்தி, “அண்ணா, ‘சாலை வந்தால் ஓங்கில் வரும்’ என்று எழுதியிருக்கிறீர்களே, கடலுக்குள் என்ன சாலை?” என்றார். சாளை மீன் என்று பெரியவர் சொன்னதைத் தருமபுரிக் காது சாலை என்று கேட்டிருக்கிறது. பதினொரு பக்கத்தில் இப்படி எத்தனை பிழையோ என்று வெட்கமாக இருந்தது. அவர் சிரிக்கவில்லை. தாம் கையாளும் அட்டவணையைக் கணினியில் திறந்து காட்டினார். வரிசையாக விலங்குகளின் பெயர்கள், ஒவ்வொன்றும் எவ்வளவு ஒலி தாங்கும் என்ற எண்கள். எல்லாம் வடகடல் விலங்குகள். ஆவுளியா என்றோ கடற்பசு என்றோ எந்த மொழியிலும் ஒரு வரி இல்லை. இதுவரை இங்கு வேலை வரவில்லை, ஆகவே எவரும் கேட்கவில்லை என்றார் மெல்ல.

விதி வகுப்பது அவர் கையில் இல்லை. அவர் சம்பளத்துக்கு வேலை செய்பவர். ஆயினும் சென்னைப் பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் காற்றாற்றல் நிறுவனத்துக்கு ஊர் மக்கள் பெயரில் ஒரு விண்ணப்பம் எழுதலாம், அதனுடன் இந்தக் குறிப்பைப் படமாக வரைந்து இணைக்கலாம் என்றார். விண்ணப்பத்தின் நடையை மட்டும் நாங்கள் பார்த்துக்கொடுக்க வேண்டுமாம். ‘மேன்மை தங்கிய’ என்று தொடங்குவது எங்களுக்குக் கைவந்த கலை.

பிறகு தொலைபேசியில் தாத்தாவை அழைத்தார். நாங்கள் கீழே இறங்கி உணவு முடித்துப் பாய் விரித்த பின்னும் மாடிப்படியில் அவர் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. “எத்தனை பாகம், தாத்தா? மணற்குன்றிலிருந்து நேர் கிழக்கா, கொஞ்சம் தெற்கா?” பத்து மணிக்கு மேல் கதவைத் தட்டி, தாள் தீர்ந்துவிட்டது என்று மகனின் கணக்கு நோட்டில் மீதமிருந்த பக்கங்களை வாங்கிச் சென்றார்.